செல்லுக்குள் நீல ஒளி தெரிகிறது. அது என் துகள்தானா?

நீலக்குறிஞ்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் வருடம். செல் உயிரியல் எனக்குப் புதுசு.

சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன் டைஅமினையும் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவில் 200 டிகிரியில் 5 மணி நேரம் வைத்து கார்பன் டாட் (ஒளிரும் கார்பன் நானோதுகள்) செய்தேன். திறந்து பார்த்தால் டீ டிக்காஷன் நிறம். புற ஊதா விளக்கைக் காட்டினால் கண் கூசும் நீலம். சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் ஊற்றி, ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். 3 நானோமீட்டர் அளவில் துகள்கள் அழகாக வந்திருந்தன.

அப்புறம் அதை ஹீலா செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) கொடுத்து, 4 மணி நேரம் கழித்துக் கழுவி, கான்ஃபோகல் நுண்ணோக்கியில் 405 நானோமீட்டர் லேசரில் பார்த்தேன். செல் முழுக்க மங்கலாக ஒரு நீலம். உட்கருவைச் சுற்றி குதிரை லாடம் மாதிரி பளிச்சென்று புள்ளிகள். மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் காட்டும் துகள் என்று எழுதி கைடிடம் காட்டினேன். அவருக்கும் சந்தோஷம்.

ஆனால் குழுக் கூட்டத்தில் ஒரு சீனியர், "துகள் போடாத செல்லை இதே செட்டிங்கில் எடுத்தியா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அடுத்த நாளே எடுத்தேன். அதிலும் நீலம் தெரிகிறது. குறைவுதான், ஆனால் தெரிகிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.


கண்ணாடித்தட்டு எழுதியது:

நாலு விஷயம் தெரிய வேண்டும். செல் உயிரோடு இருந்ததா, ரசாயனம் போட்டு அப்படியே நிலைநிறுத்தி ஃபிக்ஸ் செய்தீர்களா? பார்க்கும்போது மீடியத்தில் (செல் வளரும் கரைசல்) ஃபீனால் ரெட் சாயம் இருந்ததா? டயாலிசிஸ் தண்ணீரை எத்தனை முறை மாற்றினீர்கள்? இரண்டு படத்துக்கும் லேசர் சக்தியும் கெயினும் (வரும் ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஒன்றா, அல்லது ஆட்டோவில் விட்டீர்களா?


நீலக்குறிஞ்சி எழுதியது:

ஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்தேன். மைக்ரோஸ்கோப் வேறு கட்டிடத்தில் இருக்கிறது, உயிரோடு கொண்டுபோக வசதி இல்லை. ஃபிக்ஸ் செய்த பிறகு பஃபரில்தான் இருந்தது, மீடியம் இல்லை. தண்ணீரை மாற்றவே இல்லை. பைக்குள் 10 மில்லி, பீக்கரில் 1 லிட்டர். கெயின் முதல் நாள் ஆட்டோவில் இருந்தது, கண்ட்ரோல் (துகள் போடாத செல்) எடுத்த நாளில் அதே எண்ணைக் கையால் போட்டேன்.


இரவுப்பறவை எழுதியது:

குறிஞ்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோலைப் பேப்பர் அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிட்டீர்கள். கண்ட்ரோல் படமே இல்லாமல் அச்சில் வந்த கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் தைரியமாக இருங்கள்.

உங்கள் படத்தில் பார்வைக்கு ஒரே நீலம்தான். என் கணிப்பில் அதற்குள் மூன்று நீலம் கலந்திருக்கிறது.

முதலாவது செல்லின் சொந்த நீலம். எந்த செல்லிலும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறு உண்டு. 340 நானோமீட்டர் பக்கம் ஒளியை விழுங்கி 460 பக்கம் உமிழும். 405 லேசர் அதன் ஓரத்தைத்தான் தொடும், ஆனால் கெயினை ஏற்றிவிட்டால் அதுவும் தெரியத் தொடங்கும். ஃப்ளேவின்கள் என்ற வேறு ஒளிரும் மூலக்கூறுகளும் சேர்ந்துகொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஒளி செல்லில் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. மைட்டோகாண்ட்ரியாவில்தான் அதிகம். நீங்கள் பார்த்தது மைட்டோகாண்ட்ரியா என்று உங்களுக்குத் தோன்றியதற்கு, துகளே போடாத செல்லிலும் அப்படித் தெரியும் என்பதே ஒரு காரணமாக இருக்கலாம். போதாக்குறைக்கு ஆல்டிஹைடில் ஃபிக்ஸ் செய்வதும் பின்னணி ஒளியைக் கூட்டும்.

இரண்டாவது நீலம்தான் எனக்குப் பெரிய கவலை. சிட்ரிக் அமிலமும் எத்திலீன் டைஅமினும் சேர்ந்து சூடானால் கார்பன் டாட் மட்டும் வருவதில்லை. ஐ.பி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சின்ன சாயமும் உருவாகிறது. மூலக்கூறு எடை 180 டால்டன்தான், ஆனால் அபாரமாக நீலத்தில் ஒளிரும். இந்தக் கலவையின் ஒளியில் பெரும்பங்கு துகளுடையதா, இந்தச் சாயத்துடையதா என்று துறைக்குள்ளேயே பல வருடம் விவாதம் நடந்திருக்கிறது. இப்போது உங்கள் டயாலிசிஸ் கணக்கைப் பாருங்கள். 10 மில்லி, 1 லிட்டரில் போய்ச் சமமானால் பைக்குள் நூற்றில் ஒரு பங்கு சாயம் நிச்சயம் மிஞ்சும். இவ்வளவு பிரகாசமான சாயத்துக்கு நூற்றில் ஒரு பங்கு தாராளம். அதே 1 லிட்டரை மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் சமமாகும்வரை காத்திருந்து மாற்றியிருந்தால், மிச்சம் பத்து லட்சத்தில் ஒன்று. வேலை அதேதான், தண்ணீர் மட்டும் மூன்று லிட்டர்.

மூன்றாவதுதான் உங்கள் துகள். குதிரை லாடப் புள்ளிகள் அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இடம் மைட்டோகாண்ட்ரியா இல்லை. செல் வெளியிலிருந்து வரும் துகளைத் தன் சவ்வை மடித்துப் பை மாதிரி சுற்றி உள்ளே இழுக்கும். அந்தப் பைதான் எண்டோசோம். அது உள்ளே நகர்ந்து நகர்ந்து உட்கருவுக்குப் பக்கத்தில் லைசோசோமாக முடியும். உள்ளே 4.5 முதல் 5 வரை பி.எச்., செரிக்கும் நொதிகள். நானோதுகள் கொடுத்த செல்களில் முக்கால்வாசி நேரம் இந்தப் படம்தான் வரும்.

செய்ய வேண்டியவை: உங்கள் கரைசலை 3000 டால்டனுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் வடிகட்டிக் குழாயில் போட்டு சுழற்றி, கீழே வடிந்த தண்ணீரைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். இது பத்து நிமிட வேலை, இன்றைக்கே செய்யலாம். அப்புறம் ஒரு தட்டு செல்லை 4 டிகிரியில் வைத்துத் துகள் கொடுங்கள். குளிரில் எண்டோசோம் உருவாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். மூன்றாவது, லைசோடிராக்கர் ரெட், மைட்டோடிராக்கர் ரெட் (முறையே லைசோசோமையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சிவப்பாகக் காட்டும் சாயங்கள்) இரண்டையும் தனித்தனித் தட்டில் போட்டு எந்தச் சிவப்பின் மேல் உங்கள் நீலம் உட்காருகிறது என்று பாருங்கள். இது உயிருள்ள செல்லில்தான் செல்லும். ஃபிக்ஸ் செய்தால் சவ்வு ஓட்டையாகி, சின்ன மூலக்கூறுகள் இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்கு, குறிப்பாக உட்கருவுக்கு, போய்விடும்.


பரிதி_ஆசிரியர் எழுதியது:

நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். இந்த இழையை ஆர்வமாகப் படிக்கிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சைப் புரதத்துக்கு 2008இல் நோபல் கொடுத்தார்கள். அதை செல்லே தானாகத் தயாரித்துக்கொள்ளும், எந்தப் புரதத்தோடு வேண்டுமோ அதோடு ஒட்டி வரும். அப்படி இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு துகளை உள்ளே தள்ள ஏன் இவ்வளவு பாடு?


தாழிமண் எழுதியது:

நல்ல கேள்வி சார். நான் சில வருடங்கள் குவாண்டம் டாட் (சில நானோமீட்டர் அளவுள்ள அரைக்கடத்திப் படிகம்) வைத்து நியூரான்களில், அதாவது நரம்பு செல்களில், வேலை செய்தவன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பச்சைப் புரதத்துக்கு ஈடு இல்லை. ஆனால் ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அது அடுத்த பத்து நிமிடம் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் அது கைகொடுக்காது. ஒற்றைச் சாய மூலக்கூறோ ஒற்றைப் பச்சைப் புரதமோ பலமான லேசருக்கு அடியில் சில விநாடிகளில் வெளுத்துப்போகும். திரும்ப வராது.

குவாண்டம் டாட் அப்படி வெளுக்காது. காட்மியம் செலினைடில் 2 நானோமீட்டர் பக்கம் செய்தால் நீலத்தை ஒட்டி ஒளிரும், 6 நானோமீட்டர் என்றால் சிவப்பு. பொருள் ஒன்றே, அளவு மாறினால் நிறம் மாறும். பெரிய வசதி என்னவென்றால், ஒரே நீல லேசரால் எல்லா நிறத்தையும் ஒரே நேரத்தில் எழுப்பலாம். ஒவ்வொன்றின் உமிழ்வும் 20, 30 நானோமீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி இருப்பதால் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பாது. எகிமோவ் கண்ணாடிக்குள்ளும் ப்ரஸ் கரைசலிலும் 1980களின் தொடக்கத்தில் இந்த அளவு விளைவைப் பார்த்தார்கள். பவெண்டி குழு 1993இல் சீரான துகள்களைச் செய்யும் வழியைக் கொடுத்தது. மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல். ஆனால் அந்தத் துகள்கள் எண்ணெய் மாதிரிக் கரைப்பானில் மட்டுமே நிற்கும், தண்ணீரில் போட்டால் திரிந்துவிடும். செல்லுக்கு ஏற்றபடி தண்ணீருக்குக் கொண்டுவந்தது 1998இல். அலிவிசாடோஸ், வைஸ் குழுவும், ஷூமிங் நீ குழுவும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். முதல் குழு எலி செல்லில் உட்கருவைப் பச்சையாகவும், செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளைச் சிவப்பாகவும் காட்டியது.

என்னை இந்தத் துறைக்கு இழுத்தது 2003இல் பாரிஸில் மாக்ஸிம் தாஹான், ஆந்துவான் ட்ரில்லர் குழுக்கள் செய்த வேலை. எலியின் தண்டுவட நியூரான்களில் கிளைசின் ஏற்பிகளுக்கு (கிளைசின் என்ற சைகை மூலக்கூறைப் பிடிக்கும் சவ்வுப் புரதங்கள்) ஒற்றைக் குவாண்டம் டாட்டை மாட்டி, ஏற்பி சினாப்ஸுக்குள் (இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடம்) நுழைவதையும் வெளியேறுவதையும் நிமிடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதுவரை சினாப்ஸில் ஏற்பி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றுதான் என் மனதில் ஒரு படம் இருந்தது. அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதைக் கண்ணால் பார்க்கும் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கும்மிருட்டு அறை, திரை மட்டும் வெளிச்சம். நியூரானின் கிளையான டென்ட்ரைட் ஒரு மங்கலான நூல். அதன் மேல் ஒரு புள்ளி. ஊர்கிறது, நிற்கிறது, சட்டென்று அணைகிறது. போய்விட்டது என்று நினைக்கும்போது ஒரு மைக்ரோமீட்டர் தள்ளி மறுபடி எரிகிறது. ஒற்றை டாட் இப்படித்தான் சிமிட்டும். நாலைந்து டாட் கொத்தாக ஒட்டியிருந்தால் எல்லாம் ஒரே சமயம் அணையாது, அதனால் புள்ளி தொடர்ந்து எரியும். ஆகவே சிமிட்டல்தான் 'இது ஒற்றைத் துகள்' என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த சாட்சி. முதல் நாள் நான் சிமிட்டாத பிரகாசமான புள்ளிகளைத்தான் தேடித் தேடிப் பிடித்தேன். அத்தனையும் கொத்து.


பரிதி_ஆசிரியர் எழுதியது:

அருமை. இவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டு ஏற்பி இயல்பாக ஓடுமா?


தாழிமண் எழுதியது:

அதுதான் சார் இந்த வேலையின் வலி.

செல்லின் அகலம் 20 மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். அதை 100 மீட்டர் மைதானமாகப் பெரிதாக்கினால் 10 நானோமீட்டர் துகள் ஒரு எலுமிச்சம்பழம். மைதானத்தில் எலுமிச்சம்பழம் ஒன்றும் இல்லைதான். ஆனால் டாட்டின் கருவுக்கு மேல் துத்தநாக சல்ஃபைடு ஓடு, அதற்கு மேல் பாலிமர், அதற்கு மேல் ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டின் என்ற வைட்டமினை இறுகப் பிடிக்கும் புரதம்), ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்று அடுக்கினால் 20 நானோமீட்டரைத் தாண்டிவிடும். சாத்துக்குடி ஆகிவிட்டது. சினாப்ஸின் இரண்டு சவ்வுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே 20 நானோமீட்டர் பக்கம்தான். சாத்துக்குடியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போக வேண்டும். போகும், ஆனால் வேகம் குறையும், சிலது வெளியிலேயே நிற்கும்.

இரண்டாவது தொல்லை, ஒரு டாட்டின் மேல் பல ஸ்ட்ரெப்டாவிடின் இருப்பதால் ஒரே டாட் மூன்று நாலு ஏற்பியைச் சேர்த்துக் கட்டிவிடும். எனக்கு இரண்டு மாதம் ஏற்பி நகரவே இல்லை என்று தரவு வந்தது. அதை வைத்து ஒரு கருதுகோள்கூட எழுதிவிட்டேன். கடைசியில் டாட்டின் செறிவை நூறு மடங்கு குறைத்து, முழு ஆன்டிபாடிக்குப் பதில் அதன் ஒற்றைக் கையை மட்டும் வைத்துக் கட்டினால், ஏற்பி ஓட ஆரம்பித்தது. இன்னொன்று, நியூரான் வளர்க்கும் சப்ளிமெண்டிலேயே பயோட்டின் இருக்கும். அதைக் கழுவாமல் ஸ்ட்ரெப்டாவிடின் டாட்டைப் போட்டால் அந்தப் பயோட்டினே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், உங்கள் ஏற்பிக்கு ஒன்றும் மிஞ்சாது. எந்த நெறிமுறையிலும் எனக்கு இது எழுதிக் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.


ஊசிமுனை எழுதியது:

குவாண்டம் டாட்டை இவ்வளவு சிலாகிக்கும்போது காட்மியத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே. உயிருள்ள செல்லைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதற்கு விஷம் கொடுப்பது எப்படிச் சரியாகும்? 2004இல் சங்கீதா பாட்டியா குழு கல்லீரல் செல்களில் காட்டியதை மறக்கக்கூடாது. காற்றும் புற ஊதாவும் பட்டு மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் காட்மியம் அயனி கசிகிறது, செல் சாகிறது. நான் நச்சியல் படித்தவள். குறிஞ்சி கார்பனைத் தேர்ந்தெடுத்ததே சரி என்பது என் உறுதியான கருத்து.


தாழிமண் எழுதியது:

மேற்கோள்: "அதற்கு விஷம் கொடுப்பது எப்படிச் சரியாகும்?"

கவலை நியாயமானது அக்கா, மறுக்கவில்லை. ஆனால் அதே கட்டுரையில் துத்தநாக சல்ஃபைடு ஓடு போட்டால் கசிவு வெகுவாகக் குறைகிறது என்றும் இருக்கிறது. 2002இல் டுபெர்ட்ரே குழு டாட்டைப் பாஸ்போலிப்பிட் உறைக்குள் அடைத்து ஜெனோபஸ் தவளைக் கருவின் செல்லுக்குள் ஊசியால் செலுத்தியது. ஒரு செல்லுக்கு 500 கோடி துகளுக்குக் கீழே இருந்தவரை கரு நன்றாக வளர்ந்தது, அந்த ஒளி மகள் செல்களுக்கும் போனது. விஷமா இல்லையா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஓடு, எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த ஒளியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நான் பதினைந்து நிமிடம் பார்க்கும் நியூரானும் நோயாளியின் உடம்பும் ஒன்றல்ல.


ஊசிமுனை எழுதியது:

உடம்பு என்று வந்தால் நான் விடவே மாட்டேன். 2007இல் ஃபிராஞ்ஜியோனி, பவெண்டி குழு காட்டியபடி, தண்ணீரில் இருக்கும்போது மொத்த விட்டம் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் குவாண்டம் டாட் சிறுநீரகம் வழியாக வேகமாக வெளியேறும். நீங்கள் சொன்ன சாத்துக்குடி எங்கே வெளியேறப் போகிறது? கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். கார்னெல்லில் வீஸ்னர் குழு செய்த சிலிக்கா துகள் அந்த வரம்பை ஒட்டிய ஆறேழு நானோமீட்டர்தான், உள்ளே சாதாரணச் சாயம், காட்மியம் கிடையாது. அதற்குத்தான் 2011இல் அமெரிக்காவில் மனிதர்களில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. 2014இல் மெலனோமா நோயாளிகள் ஐந்து பேரில் முடிவை வெளியிட்டார்கள். நேர்மையாகச் சிறுநீரில் வெளியேறும் துகளைச் செய்ய முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

செல் தட்டில், குறைந்த நேரத்துக்கு, நல்ல ஓட்டோடு என்றால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

குறிஞ்சிக்கு ஒன்று. கார்பன் என்பதால் நச்சுச் சோதனையை லேசாக எடுக்க வேண்டாம். உயிருள்ள செல் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றுவதை அளப்பதுதான் எம்.டி.டி. சோதனை. அதில் கார்பன் டாட்டே அந்தச் சாயத்தை மாற்றக்கூடும். செல் செத்திருந்தாலும் 'உயிரோடு இருக்கிறது' என்று எண் வரும். தட்டில் செல் இல்லாத குழிகளில் மீடியமும் டாட்டும் மட்டும் போட்டு ஒரு வரிசை கட்டாயம் வையுங்கள்.


மண்பானை_லேப் எழுதியது:

நான் ஒரு ஊர்ப்புற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நீங்கள் பேசுவதில் பாதிதான் புரிகிறது. ஆனால் நானோதுகளை ஒளி அடையாளமாகத் தினம் பயன்படுத்துகிறவர்களில் நானும் ஒருத்தன் என்று இப்போது தோன்றுகிறது. கர்ப்பப் பரிசோதனை கார்டில் வரும் சிவப்புக் கோடு தங்கத் துகள்தானே?


இரவுப்பறவை எழுதியது:

ஆமாம் அண்ணா, பெரும்பாலான கார்டுகளில் அது தங்கம்தான். ஆன்டிபாடி ஒட்டிய தங்க நானோதுகள் அந்த இடத்தில் குவிவதால்தான் கோடு தெரிகிறது. கட்டித் தங்கம் மஞ்சள், 20, 40 நானோமீட்டர் தங்கம் ஒயின் சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இந்தச் சிவப்புக் கரைசலைச் செய்து, தங்கம் நுண்துகளாக இருப்பதால்தான் இந்த நிறம் என்று சொல்லிவிட்டார்.

தங்கம் ஒளிர்வதை விட சிதறடிப்பதில் கெட்டி. அதனால் வெளுக்காது, சிமிட்டாது. 2005இல் எல்-சையது குழு வாய்ப் புற்றுநோய் செல்களில், ஆன்டிபாடி ஒட்டிய தங்கத்தை, சிதறிய ஒளியை மட்டும் காட்டும் இருள்புல நுண்ணோக்கியில் காட்டியது. விலை உயர்ந்த லேசர் எதுவும் தேவைப்படவில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். விட்டத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் 64இல் ஒரு பங்கு. சின்னத் தங்கம் செல்லின் மற்றக் குப்பைச் சிதறலில் காணாமல் போகும்.


வேர்நிலம் எழுதியது:

ஸ்டெம் செல்லை எலிக்குள் விட்டுப் பின்தொடர்பவள் நான். இங்கே யாரும் சொல்லாத ஒன்று. உங்கள் துகள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது செல்லோடு பிறந்தது இல்லை. செல் பிரிந்தால் துகளும் பாதிப் பாதியாகப் பிரியும். நாளுக்கு ஒருமுறை பிரியும் செல் என்றால் ஒரு வாரத்தில் 128இல் ஒரு பங்கு. அதைவிட மோசம், நாம் விட்ட செல் செத்துப்போனால் அதன் துகள்களை அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல் விழுங்கிவிடும். திரையில் ஒளி அப்படியே இருக்கும். ஸ்டெம் செல் மூன்று வாரம் உயிரோடு இருந்தது என்று எழுதிவிடுவோம், உண்மையில் மேக்ரோஃபேஜைப் படம் எடுத்திருப்போம். எங்களுக்கு இது நடந்திருக்கிறது. திசுவை வெட்டி மேக்ரோஃபேஜ் குறியீட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்று முதல் துகளோடு, செல்லின் மரபணுவிலேயே இருக்கும் ஒரு அடையாளத்தையும் சேர்த்தே வைக்கிறோம்.


கண்ணாடித்தட்டு எழுதியது:

நீலம் என்பதே தொல்லைதான். செல்லின் சொந்த ஒளி அங்கேதான் அதிகம், 405 நீண்ட நேரம் பட்டால் செல்லுக்கும் நல்லதல்ல. அடுத்த கட்டத்துக்குப் போகும்போது சிவப்பில் ஒளிரும் எதையாவது யோசியுங்கள். படிகத்தில் நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் ஒரு காலியிடமும் உள்ள நானோ வைரம் 532இல் எழுப்பினால் 600க்கு மேல் உமிழும், எத்தனை மணி நேரம் பார்த்தாலும் வெளுக்காது. தைவானில் ஹுவான்-செங் சாங் குழு இதை வளர்த்தெடுத்தது. 2013இல் ஹார்வர்டில் லூகின் குழு அதை உயிருள்ள செல்லுக்குள் வெப்பமானியாகவே பயன்படுத்தியது.

யிட்டெர்பியமும் எர்பியமும் கலந்த துகள் இன்னொரு வழி. 980 நானோமீட்டர் அகச்சிவப்பைக் கொடுத்தால் பச்சையும் சிவப்பும் வரும். செல்லில் வேறு எதுவும் அப்படிச் செய்யாது, அதனால் பின்னணி சுத்தமான கறுப்பு. ஆனால் மெதுவாக ஒளிர்வதால் ஸ்கேன் நேரம் கூடும், 980ஐத் தண்ணீரும் விழுங்கிச் சூடாகும். நியோடிமியம் சேர்த்து 808க்கு மாற்றினால் சூடு குறையும்.


நீலக்குறிஞ்சி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் வடிகட்டிக் குழாய். கீழே வடிந்த தண்ணீரில் துகளே இருக்கக்கூடாது. விளக்கை அடித்தேன், குழாய் முழுக்க நீலம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே தங்கியதும் ஒளிர்ந்தது, ஆனால் கீழே இருந்ததுதான் அதிகப் பிரகாசம். எட்டு மாதமாக நான் 'என் துகள்' என்று அளந்துகொண்டிருந்த ஒளியில் பெரும்பங்கு இரவுப்பறவை அக்கா சொன்ன சாயம்.

அப்புறம் மறுபடி டயாலிசிஸ், இந்த முறை மூன்று நாள், ஆறு தடவை தண்ணீர் மாற்றி. ஒவ்வொரு முறை வெளியேறிய தண்ணீரையும் அளந்தேன். ஐந்தாவது தடவை வெறும் தண்ணீருக்குச் சமம் ஆனது. அதை வைத்து செல்லுக்குக் கொடுத்தேன். வேறொரு துறையில் கெஞ்சி, சூடு வைக்கும் மேடை உள்ள நுண்ணோக்கியில் ஒரு மதியம் வாங்கி, உயிருள்ள செல்லில் பார்த்தேன்.

செல் முழுக்க இருந்த மங்கல் நீலம் இப்போது துகள் போடாத கண்ட்ரோல் அளவுக்கு இறங்கிவிட்டது. லாடப் புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் முன்பைவிட மங்கல். லைசோடிராக்கர் சிவப்பு கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியின் மேலும் விழுகிறது. மைட்டோடிராக்கர் நூல் நூலாகத் தனியே ஓடுகிறது, புள்ளிகளோடு சேரவில்லை. 4 டிகிரித் தட்டில் உள்ளே புள்ளிகளே இல்லை, ஓரத்தில் மட்டும் லேசான கோடு. செல் இல்லாத எம்.டி.டி. வரிசையில் டாட்டின் செறிவு கூடக் கூட ஊதாவும் ஏறியது. ஊசிமுனை மேடம் சொன்னது அப்படியே. பழைய நச்சு எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முறையில் எடுக்கிறேன்.

கைடிடம் எல்லாப் படத்தையும் வரிசையாக வைத்துச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்.

ஒரு சந்தேகம் மிச்சம். 4 டிகிரியில் ஓரத்தில் தெரியும் கோடு என்ன?


இரவுப்பறவை எழுதியது:

படித்து ரொம்ப சந்தோஷம் குறிஞ்சி. அந்த ஓரக்கோடு, சவ்வின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு உள்ளே போக முடியாமல் நிற்கும் துகளாக இருக்கலாம். உங்கள் டாட்டின் மேல் அமின் இருக்கிறது, அதனால் நேர்மின்சுமை இருக்கலாம். செல் சவ்வின் வெளிப்பக்கம் எதிர்மின்சுமை. துகளின் மேற்பரப்பு மின்சுமையைக் காட்டும் ஜீட்டா மதிப்பை அளந்து பாருங்கள். எதிர்மின்சுமை மிகுந்த ஹெப்பாரின் கலந்த பஃபரில் கழுவிப் பாருங்கள், கோடு போனால் மின்சுமைதான். சீரம் இருக்கும் மீடியத்தில் ஒருமுறை, இல்லாததில் ஒருமுறை கொடுத்தும் ஒப்பிடுங்கள். சீரம் புரதங்கள் துகளைப் போர்த்திவிட்டால் ஒட்டுவதே மாறிவிடும்.


தாழிமண் எழுதியது:

சூடு மேடை உள்ள கருவி மறுபடி கிடைத்தால், 4 டிகிரித் தட்டை மேடையிலேயே 37க்கு ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். ஓரக்கோடு உடைந்து புள்ளியாகி உள்ளே நகர்வதை நேரடியாகவே பார்க்கலாம். லாடம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்த ஒரு படமே பதில்.


கண்ணாடித்தட்டு எழுதியது:

படத்துக்குக் கீழே லேசர் சக்தி, கெயின், பின்ஹோல், ஃபில்டர் எல்லாவற்றையும் எழுதுங்கள். கண்ட்ரோல் படத்தைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முதல் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே பிரகாச அளவில் வையுங்கள். வடிந்த தண்ணீரின் புகைப்படத்தையும் சேர்த்தால், இதே கலவையை அடுப்பில் வைக்கப் போகும் அடுத்த மாணவருக்கு எட்டு மாதம் மிச்சம்.


நீலக்குறிஞ்சி எழுதியது:

வடிந்த தண்ணீர்ப் படம்தான் இப்போது முதல் படம். கருவி வியாழக்கிழமை மதியம் கிடைக்கிறது. ஹெப்பாரின் வாங்கி வைத்துவிட்டேன். 4லிருந்து 37க்கு ஏற்றும் படத்தை எடுத்ததும் இங்கேயே போடுகிறேன்.